எடை கூடாத குழந்தை

மெலிந்த குழந்தையைக் கண்டால், "பால் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம்மிடையே வழக்கம். அது போதாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்திருப்பின் அது கடும் மெலிவாகும். அங்கன்வாடிப் பணியாளர் நாடாவால் அளந்து இதனைக் கண்டறிவார். காசம், வயிற்றுப்போக்கு முதலிய நோய்கள் உளவா என மருத்துவர் ஆராய்வார். செவிலியர் உடற்சூட்டையும் எடையையும் நாள்தோறும் குறிப்பார். உணவியலார் ஊட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவார். பசிக்கிறதே என்று முதல் நாளே வயிறார ஊட்டுவது ஆபத்து. நலிந்த இதயம் தாங்காது.

நம் வட்டாரத்தில் நாம் கண்ட இடர் வேறு. கூலி போகிறதே என்று தாய் பாதியிலேயே குழந்தையைத் தூக்கிச் சென்றுவிடுகிறாள். அவளைக் கடிந்து பயனில்லை. வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கு அதுவரை சோறு போடுவார் யார்? ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதனையே.