ஜெனரேட்டரும் அயலாரும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன்னர், 'கஜா' எனப் பெயரிய பெரும்புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. தென்னந்தோப்புகள் வேரொடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரமாயிரமாய் முறிந்து வீழ்ந்தன. கடைமடைச் சிற்றூர்கள் பல, வாரக்கணக்கில் இருளிற் கிடந்தன. அந்நாட்களில் அவ்வூர்களில் இரவும் பகலும் கேட்ட ஒலி ஒன்று உண்டு. அது வாடகைக்கு வந்த ஜெனரேட்டரின் ஒலி. வண்டியில் ஏற்றப்பட்ட ஜெனரேட்டர் தெருத்தெருவாய்ச் சென்று, மோட்டாரை ஓட்டி, மாடித் தொட்டிகளை நிரப்பிற்று, கைபேசிகளுக்கு மின்னேற்றிற்று. கூலி மிகுதியாயினும் மக்கள் அதனை மகிழ்ந்தே வரவேற்றனர்.

புயற்காலத்தில் மட்டுமன்று, கன்வென்ஷன் பந்தலிலும், கீதபவனியிலும், மணவீட்டிலும், திருவிழாக் கடையிலும் இருவர் தூக்கிச் செல்லத்தக்க சிறு பெட்ரோல் ஜெனரேட்டரை நாம் காண்கிறோம். மாணவர் நடத்தும் விழாக்களில் அதன் கயிற்றை இழுத்துக் கிளப்புவது பெரும்பாலும் மாணவர் கையே. ஆகலின் அதனைக் கையாளும் முறையை நாம் அறிந்திருத்தல் முறையாகும்.

கருவிகள் பலவும் தம்மைப் பிடித்தவனையே முதலிற் காயப்படுத்தும். அரிவாள் தவறினால் அரிபவன் விரல் அறும். ஏணி சரிந்தால் ஏறியவன் வீழ்வான். ஜெனரேட்டரோ அத்தன்மைத்தன்று. அதனைக் கிளப்பியவன் வெளிக்காற்றில் நின்று, விளக்கு எரிவது கண்டு மகிழ்ந்து அப்பாற் போய்விடுவான். அதனால் மாள்பவர் வேறு இருவர்: ஒருவர் சுவருக்கு அப்பால் உறங்குபவர், மற்றொருவர் அரைக்கல் தொலைவில் மின்கம்பத்தின்மேல் இருப்பவர். இவ்விருவரையும் கிளப்பியவன் கண்ணாற் காண்பதில்லை. இவர்களை முன்னிட்டே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன்.

'மின்னாக்கி' என்று இதனைத் தமிழிற் கூறுவார் உளர். அழகிய சொல்லே, தமிழ் பயிலும் எனக்கு அதில் விருப்பமும் உண்டு. ஆயினும் ஆபத்து வேளையில் 'ஜெனரேட்டரை நிறுத்து' என்று கூவினாற்றான் ஆள் ஓடி வரும். ஆதலின் மக்கள் வழங்கும் சொல்லையே ஈண்டு வழங்குவேன்.

காந்தத்திற்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு உண்டாயின் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அவ்வசைவைத் தருவதற்கே பெட்ரோல் என்ஜின் வேண்டப்படுகிறது. நம் நாட்டு மின்சாரம் திசை மாறி மாறி ஓடி, நொடிக்கு 50 முழுச் சுழற்சி உடையது. சிறு ஜெனரேட்டர்களிற் பெரும்பான்மையன நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்று அவ்வளவைத் தருகின்றன. விளக்கு மங்கிற்று என்று வேகத் திருகைத் திருகுவார் சிலர். அது தவறு. வேகம் ஏறின் வோல்ட்டும் ஏறும். மாட்டியிருக்கும் கருவிகள் எரிந்துபோம்.

இது நிற்க. அஞ்சத்தக்கது மின்சாரத்தினும் முந்தி அதன் புகையே. பெட்ரோல் முற்றும் எரிந்தால் கார்பன்-டை-ஆக்ஸைடு உண்டாகும். அரைகுறையாய் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். இக்காலத்துக் கார்களில் இந்நச்சை மாற்றியமைக்கும் கருவி புகைக்குழாயில் உண்டு. சிறு ஜெனரேட்டர்களிற் பெரும்பாலானவற்றில் அஃதில்லை. ஒரு ஜெனரேட்டர் கக்கும் நஞ்சு, நூற்றுக்கணக்கான கார்கள் கக்குவதற்கு ஒப்பாகும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தார் எச்சரிக்கின்றனர்.

இவ்வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. புகை கண்டு நெருப்பை உணர்தல் என்பது அளவை நூலார் எடுத்துக் கூறும் பழைய உதாரணம். அவ்வுணர்ச்சி நம் உடம்பிலும் ஊறிக் கிடக்கிறது. புகை நாறினால் எழுந்து ஓடுகிறோம், நாறாவிடில் அச்சமின்றிக் கிடக்கிறோம். இங்கோ நாம் மூக்கால் அறியும் புகை வேறு. கொல்லும் வாயு வேறு. புகை நாற்றம் குறைந்துவிட்டது என்று மனந்தேறும் அறையிலும் நஞ்சு நிறைந்திருக்கலாம்.

அது கொல்லும் வகையைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857இல் விளக்கினார். குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்க்காற்றைச் சுமந்து உடலெங்கும் சேர்ப்பது. கார்பன் மோனாக்ஸைடு அதனை உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. பின்னர் உயிர்க்காற்றுக்கு இருக்கை இல்லை. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உயிரோ ஒடுங்கிக்கொண்டிருக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிக்குப் பின் இறந்தோரை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், 1896இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இவ்வாயுவைத் தாமே முகர்ந்து தம் குருதியைச் சோதித்தவர் அவர். சிற்றுயிர்கள் மனிதரினும் விரைவில் மயங்கிவிழக் கண்டு, அவற்றை முன்னறிவிப்பாகச் சுரங்கத்துள் கொண்டுசெல்லலாம் என்றார். அவ்வாறு புகுந்த கானரிப் பறவை 1986 வரை பிரிட்டிஷ் சுரங்கங்களிற் பணிபுரிந்தது. நம் வீட்டறையில் அப்பறவை இல்லை. பாட்டரியால் இயங்கி, இவ்வாயுவை உணர்ந்து ஓலமிடும் சிறு கருவி இன்று விலைக்குக் கிடைக்கிறது. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதனையும் வாங்கி வைத்தல் நன்று.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையில் ஏறத்தாழ 34,000 லிட்டர் காற்று அடங்கும். காற்றின் பத்தாயிரம் பங்கில் 16 பங்கு இவ்வாயுவாயின், 20 நிமிடத்தில் தலைநோவும் கிறுகிறுப்பும் காணும். இரண்டு மணிக்குள் உயிர் போம். நம் அறைக்கு அவ்வளவு 54 லிட்டர். 200 கன சென்டிமீட்டர் என்ஜின் ஒன்று பாதித் திறனில் ஓடி, நிமிடத்திற்கு 150 லிட்டர் புகை விடுகிறது என்றும், அதில் நூற்றுக்கு 4 பங்கு இந்நஞ்சு என்றும் கொண்டால், நிமிடத்திற்கு 6 லிட்டர் ஆகிறது. அப்புகை முழுதும் அறையுட் புகின் 9 நிமிடம் போதும். முழுதும் புகாது, மூன்றிலொரு பங்கே புகும் என்பீராயின், அரைமணி போதும். சன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறி சுழல்கிறது என்று அமைதி கொள்வது இக்கணக்கின் முன் நில்லாது.

என் ஊர் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் இரவொன்றில் நடந்தது இது. மின்சாரம் நின்றுவிட்டது, தூறலும் விழுந்துகொண்டிருந்தது. நனையாதிருக்கட்டும் என்று ஜெனரேட்டரைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் வைத்தோம். அதன் சுவருக்கு அப்பால், பாடற்குழுச் சிறுவர்கள் உடைமாற்றிக் காத்திருக்கும் சிற்றறை. சற்று நேரத்தில் மூன்று சிறுவர் தலைவலி என்றனர். ஒருவன் வாந்தி எடுத்தான். பசியென்றும் கண்விழிப்பென்றும் பெரியவர்கள் எண்ணினர். ஒருவர் சோடா வாங்கிவர ஆளனுப்பினார். மணியடிக்கும் முதியவர் ஒருவரே வந்து பார்த்த மாத்திரத்தில், 'தம்பி, இது கிணற்றுப் புகை; பிள்ளைகளை வெளியே கொண்டுபோ' என்று கூவி, ஜெனரேட்டரையும் நிறுத்தினார். அவர் இளமையில் இறைவைக் கிணறுகளில் வேலை செய்தவர். நீர்மட்டம் தாழ்ந்த கோடையில் ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும், அதனை நிறுத்தப் போனவன் மயங்கி விழுவதும், அவனைத் தூக்க இறங்கியவனும் மாள்வதும் நம் நாட்டுப்புறத்துப் பழங்கதையே. சிறுவர்கள் பிழைத்தனர். ஜெனரேட்டரை அங்கே வைத்தவருள் யானும் ஒருவன்.

ஆகலின் வீட்டுள்ளும், தாழ்வாரத்திலும், மாட்டுக்கொட்டிலிலும், கார் நிற்கும் கொட்டகையிலும், மாடிப்படியின் கீழும் ஜெனரேட்டரை ஓட்டலாகாது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'லாரா' புயல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர் பலர் பின்னர்த் தம் வீட்டு ஜெனரேட்டரால் மாண்டனர். வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் மனிதர் இருக்கும் பக்கம் நோக்காதவாறு வைக்கவேண்டும். நம் வீடுகள் நெருங்கியவை. நம் வீட்டுக்கு 20 அடி, அடுத்த வீட்டுச் சன்னலுக்கு 3 அடியாக இருத்தல் கூடும். அவ்விடத்தில் ஓட்டாதிருத்தலே முறை. மழைக்கு அஞ்சின், நாற்புறமும் திறந்த கூரை தனியே அமைக்கலாம், தார்ப்பாய் போர்த்தலாகாது.

மோயீசன் பிரமாணத்தில், உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுவோனுக்கு ஒரு கட்டளை உண்டு: மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், ஒருவன் விழுந்து இறப்பின் அப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுபவன் யாரென்று வீட்டுக்காரன் அறியான். அறியாத அவனுக்காகவே சுவர் எழுகிறது. ஜெனரேட்டருக்கும் வீட்டுக்கும் இடையே விடும் 20 அடி வெளியையும் அத்தகைய சுவராகவே யான் எண்ணுகிறேன்.

நச்சுண்டவரை உடனே வெளிக்காற்றிற் கிடத்தி, 108க்குத் தெரிவித்து, மருத்துவமனையில் 'ஜெனரேட்டர் புகை' என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாவிடின் வைத்தியரும் வேறு நோயென மயங்குதல் கூடும். 2020 முதல் நம் இல்லங்களிற் புகுந்த, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இங்கு நம்பலாகாது; நஞ்சேறிய குருதியையும் அது நல்ல குருதியென்றே காட்டும். வெறுங்காற்றில் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணியாகும்; முகமூடி வழியே தூய ஆக்ஸிஜன் கொடுப்பின் ஒன்றரை மணியளவில் குறையும்.

இனிக் கம்பத்தின்மேல் இருப்பவரைப் பற்றிக் கூறுவாம். சிலர், இரு முனையிலும் பிளக்கு மாட்டிய ஒயர் ஒன்று செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவர் பிளக்கிலும் செருகிவிடுவர். வீடு முழுதும் விளக்கெரியும். அம்மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் செல்லும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்பத் தாழ்த்தும் அந்த டிரான்ஸ்ஃபார்மர், பின்னிருந்து வரும் 230 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக உயர்த்தும். தெருவார் அனைவரின் சுமையும் ஏறி என்ஜின் நின்றுவிடுமே என்று வாதிப்பாருண்டு. பல வேளையில் நின்றுவிடும். புயலால் கம்பி அறுந்து, மற்ற வீடுகள் பிரிந்து கிடக்கும் தெருவில் நில்லாது. அத்தெருவிற்கே லைன்மேன் வருகிறார். கஜாவுக்குப் பின் பிற மாவட்டங்களினின்றும் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டவர்கள் அவர்கள். கம்பியைத் தொடுமுன் அதனை எர்த் செய்யும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அதனால் நம் குற்றம் குறைவதில்லை.

முறையான வழி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச். அது வாரியக் கம்பி, நடுநிலை, ஜெனரேட்டர் என மூன்று நிலை உடையது. இரண்டும் ஒருங்கே இணையவொட்டாது. ஃபேஸ் கம்பியோடு நியூட்ரல் கம்பியையும் மாற்றுவதாக இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே அதனை அமைக்கவேண்டும். அது இல்லாத வீட்டில், விளக்கையும் விசிறியையும் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டுக. இரட்டைப் பிளக்கு ஒயரைக் கண்டால் வெட்டி எறிக. ஒரு முனை செருகியிருக்க, மறு முனையின் முட்களைக் குழந்தை தொட்டாலும் அது கொல்லும்.

பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள சுடரைப் பற்றும். ஓடும்போதோ, சூடு தணியுமுன்னோ எண்ணெய் ஊற்றலாகாது. நிறுத்திக் கால்மணியேனும் ஆறவிட்டு ஊற்றுக. விழாவின் நடுவே விளக்கணையுமே என்று தயங்குவோம். ஆதலின் தொடங்குமுன்னரே டாங்கியை நிரப்புதல் அறிவுடைமை. சுமையைப் பற்றியும் ஒரு சொல். அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு 373 வாட்டு என்பது ஏட்டுக் கணக்கு. தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் ஐந்தாறு மடங்காகும். ஆகவே மோட்டாரை முதலிற் கிளப்பிப் பின்னர் விளக்குகளைப் போடுக. நீண்ட ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும்; முழுதும் பிரித்து விடுக. ஈரக்கையால் தொடுதல் கூடாது என்பதை யாவரும் அறிவர். மழையிரவில் யாவரும் மறப்பர்.

நிறுத்தும்போது முதலில் மாட்டியவற்றை ஒவ்வொன்றாய் அணைத்து, இரண்டொரு நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, அதன்பின் சுவிட்சை அணைத்துப் பெட்ரோல் குழாயையும் மூடவேண்டும். நெடுநாள் வைப்பதாயின், குழாயை முன்னரே மூடி, கார்புரேட்டரில் எஞ்சிய எண்ணெய் தீரும்வரை ஓடவிட்டு, டாங்கியையும் வடித்துவிடுக. பழைய பெட்ரோல் அதனுள் பிசினாய் உறைந்துவிட்டால், அடுத்த புயலன்று எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அது கிளம்பாது.