பருத்தி மண்ணின் அமுது

திவ்ய தேச யாத்திரை சென்று மீளும் அன்பர்கள், சேவித்த எம்பெருமானின் திருநாமத்தோடு அத்தலத்துப் பிரசாதத்தின் சுவையையும் நெஞ்சிற் கொண்டே ஊர் திரும்புவர். காஞ்சி என்றதும் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலி நினைவுக்கு வரும். மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை வார்த்து, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து எடுப்பது அது. அழகர்கோயில் என்றால், தோல் நீக்காத கறுப்பு உளுந்தை அரிசியோடு அரைத்து நெய்யில் வேகவிட்ட தடித்த தோசை. ஒப்பிலியப்பன் சந்நிதியில் உப்பில்லாத அமுது. திருக்கண்ணபுரத்தில் இரவு வேளையில் நிவேதனமாகும் முனையதரையன் பொங்கல். பெருமாள் ஒருவனே, ஆயினும் ஊர்தோறும் அவன் ஏற்கும் தளிகை வேறு. அந்தந்த ஊரின் மண்ணும் நீரும் தொழிலும் வழிபாடும் கூடியே அதன் உணவை வகுக்கின்றன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு திருப்பூரைப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். பனியன் வாங்கவும் விற்கவும் நாள்தோறும் வெளியூர் வணிகர் பலர் இந்நகருக்கு வருகின்றனர். வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் வட மாநிலத்தாரும் வந்து குடியேறியுள்ளனர். இவர்கள் உணவு விடுதிகளில் உண்பவை பெரும்பாலும் எவ்வூரிலும் கிடைப்பவை. திருப்பூருக்கே உரிய உணவு யாது என்று கேட்டால், பல்லாண்டு இங்கு வந்து செல்வோர்க்கும் விடை தெரிவதில்லை. அவ்விடையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணும் மழையும்

கொங்கு நாட்டின் நடுவே, நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்தது திருப்பூர். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் வாங்கிக் கொள்கிறது. ஆதலால் மலைக்குக் கிழக்கேயுள்ள இவ்வட்டாரம் மழை மறைவுப் பகுதியாயிற்று. இங்கு ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டரே. கிணற்று நீரைக் கவலை கட்டி இறைத்துத் தோட்டப் பயிர் செய்வதும், வானம் பார்த்த காட்டில் கம்பு, சோளம், கொள்ளு, துவரை, எள், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றை விதைப்பதுமே இந்நிலத்து உழவரின் வாழ்க்கையாக இருந்தது. 

1950களில் கீழ்பவானிக் கால்வாயும், 1960களில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் வந்த பின்னரே இவ்வட்டாரத்தின் பல பகுதிகள் பெருவாய்க்கால் நீரைக் கண்டன. அதற்கு முன் புன்செய்ச் சிற்றூர்களில் நெல்லுச் சோறு என்பது நோம்பி நாளுக்கும் விருந்தாளிக்கும் உரிய அரும்பண்டம். நாள்தோறும் வயிறு நிறைத்தவை கம்பும் சோளமும் ராகியுமே. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால் கொங்கு உணவின் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும். குறைந்த நீரில் விளைந்ததைக் கொண்டு, குறைந்த எண்ணெயிலும் குறைந்த மசாலையிலும், வெயிலில் உழைக்கும் உடலுக்கு வலுவும் குளிர்ச்சியும் தருமாறு சமைப்பதே அவ்விலக்கணம்.

பஞ்சும் வெண்ணெயும்

திருப்பூருக்குப் புகழ் தந்தது பருத்தி. செடியிலிருந்து எடுத்த பருத்தியை அரைவை ஆலையில் இட்டுப் பிரித்தால், எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகும். எஞ்சிய இரு பங்கு பருத்திக் கொட்டை. பஞ்சு நூலாகிப் பனியனாகிக் கடல் கடந்து சென்றது. கொட்டை எங்கே சென்றது? அதனை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, கறவை மாட்டுக்கும் எருமைக்கும் வைப்பது கொங்குக் குடியானவரின் வழக்கம். பருத்திக் கொட்டை தின்ற கறவையின் பாலில் கொழுப்பு மிகும்.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் காண வேண்டும். காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொறங்காடு என்பது அவற்றின் பெயர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த இக்காடுகளிலே காங்கயம் மாடுகளும் எருமைகளும் மேய்ந்து வளர்ந்தன. காட்டுப் புல்லும் பருத்திக் கொட்டையும் கூடியதன் பயன், திருப்பூருக்குக் கிழக்கே ஈரோட்டு இருப்புப்பாதையில் உள்ள ஊத்துக்குளியில் வெண்ணெயாகத் திரண்டது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் இருக்கும். பசும்பாலில் நான்கு பங்கு அளவே. ஆகவே ஊத்துக்குளி வெண்ணெய் வெண்மையும் கட்டியும் மணமும் உடையதாகிப் பெயர் பெற்றது. பனியனும் வெண்ணெயும் ஒரே காயின் இரு பிள்ளைகள் எனலாம். ஒரு பிள்ளையை உலகம் அறியும். மற்றொன்றை வருவோர் கேட்டறிந்தாலன்றி அறியார்.

ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதையும், பிற்காலத்தில் இராமாநுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றியதையும் வைணவ உலகம் நன்கறியும். மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லியன்று, இல்லந்தோறும் அக்காரவடிசில் அமுது செய்விக்கும்போது அதன்மேல் வார்ப்பதற்கு, முருங்கைக் கீரை இட்டு உருக்கிய ஊத்துக்குளி நெய்யினும் பொருத்தமானது இவ்வட்டாரத்தில் வேறில்லை.

அரிசியும் பருப்பும்

திருப்பூர் வட்டாரத்தின் தலையாய உணவு எது எனின், தயக்கமின்றி அரிசியும் பருப்பும் சாதம் என்று கூறலாம். பேச்சு வழக்கில் இது ‘அரிசிம்பருப்பு’ ஆகும். ஏறத்தாழ மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு; இரண்டையும் ஒன்றாகக் களைந்து வைப்பர். எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் தக்காளியும் சேர்த்து, அளந்த நீர் விட்டு, கொதி வந்தபின் அரிசி பருப்பை இட்டு ஒரே பாத்திரத்தில் வேகவிடுவர். தேங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் பின்னர் சேரும். இலையில் இட்டவுடன் நெய் வார்த்து உண்ண வேண்டும். தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் கட்டித் தயிருமே போதும்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் காப்போரும், பெருமாளுக்குப் படைப்போரும் வெங்காயம், பூண்டு நீக்கி, மிளகும் சீரகமும் சற்றுக் கூட்டி இதனைச் செய்யலாம். அப்போது இது கோயில் வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவாகத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பொங்கலில் பாசிப்பருப்பு குழைந்து அரிசியோடு கலந்துவிடும். இதிலோ துவரை தன் உருவும் மணமும் கெடாது நிற்கும். தோட்டத்துத் துவரையும் அருமையாகக் கிடைத்த நெல்லரிசியும் ஒரே சட்டியில் சேர்ந்த நோம்பி உணவு, நீர் வளம் பெருகிய பின் அன்றாட உணவாயிற்று.

கொள்ளும் கம்பும்

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. மழை குறைந்த ஆண்டிலும் மனிதனைக் கைவிடாத பயறு கொள்ளு. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. முதல் நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் நெடுநேரம் வேகவைத்து, நீரை வடித்து, சீரகம், கொத்தமல்லி, மிளகாய் சேர்த்து மசித்தால் அது கொள்ளுப் பருப்பு. வடித்த நீரில் புளியும் மிளகும் கூட்டினால் கொள்ளு ரசம். வைணவ இல்லங்களின் வழக்கில் சொன்னால் கொள்ளுச் சாற்றமுது. ஒரு பிடி தானியத்தில் குழம்பும் ரசமும் ஆக இரண்டு பதார்த்தம். சிந்துவதற்கு ஒன்றும் இல்லை. சிக்கனத்தைச் சுவையாக்கிய அறிவு இது.

பச்சைப் புளி ரசமும் அவ்வகையினதே. இதற்கு அடுப்பே வேண்டுவதில்லை. புளி கரைத்த நீரில் சீரகம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கொத்தமல்லி ஆகியவற்றை நசுக்கிக் கலந்தால் முடிந்தது. கோடையில் காட்டிலிருந்து களைத்து வருவோர்க்கு உடனே சோற்றில் ஊற்ற ஏற்றது.

கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் இடித்து உமி நீக்கி, நொய்யாக உடைத்துக் கொதிநீரில் இட்டுக் கிண்டினால் கம்மஞ்சோறு. ஆறிய சோற்றை உருண்டையாக்கி நீரில் இட்டு வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் கம்மங்கூழ். சித்திரை, வைகாசி வெயிலில் சாலையோர மர நிழலில் பானை வைத்துக் கூழ் விற்போரை இன்றும் காணலாம். மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும் உடன் தருவர். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கொங்குப் பாட்டிமார்க்கு அதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் இருந்திராது.

சந்தகையும் ஒப்புட்டும்

விருந்தினர் வந்தால் சந்தகை என்பது பழைய வழக்கம். ஊறிய புழுங்கல் அரிசியை நெகிழ அரைத்து, இட்டலியாக அவித்து, சூடு ஆறுமுன் அச்சிலிட்டு இழையாகப் பிழிவர். சூடு ஆறினால் இழை இறங்காது. ஆதலால் ஒருவர் அவிக்க, ஒருவர் அழுத்த, ஒருவர் தட்டு மாற்ற, வீடே கூடிச் செய்ய வேண்டிய பண்டம் அது. வெல்லம் கலந்த தேங்காய்ப் பாலில் நனைத்து உண்பது ஒரு சுவை. எலுமிச்சை, தயிர், எள்ளுப்பொடி கலந்து உண்பது வேறு சுவை. நூல் பின்னும் ஊரில் அரிசியையும் நூலாக்கி உண்கின்றனர் என்று வந்தவர் வியப்பதும் உண்டு.

இனிப்புகளில், பருப்பு அல்லது தேங்காய்ப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டும், அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயிற் சுட்ட கச்சாயமும், எள்ளுருண்டையும் சிறந்தவை. சர்க்கரைப் பாகும் வண்ணப் பொடியும் அறியாத எளிய பண்டங்கள் இவை.

கடையில் கிடைக்காத காரணம்

இத்துணைச் சிறப்புடையவை விடுதிகளில் ஏன் எளிதிற் கிடைப்பதில்லை? காரணம் மூன்று. அரிசியும் பருப்பும் சாதம் இறக்கிய சூட்டில் உண்ண வேண்டியது. காத்திருந்தால் கட்டிப்பட்டுச் சுவை குன்றும். கொள்ளும் சந்தகையும் நேரமும் ஆளும் கேட்பவை. விடுதியின் அவசரத்துக்கு அவை ஒத்துவரா. மூன்றாவது காரணம் மனத்தைப் பற்றியது. கம்பும் கொள்ளும் ஏழ்மையின் அடையாளம் என்று கருதி, விருந்தினர் முன் வைக்க வீட்டாரே நாணினர். 1980களில் ஏற்றுமதி வளர்ந்து செல்வம் பெருகியபோது அந்நாணமும் உடன் வளர்ந்தது.

இதன் இழப்பு நாவோடு நிற்பதில்லை. தமிழகத்தில் எருமைகளின் எண்ணிக்கை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சம், 2019இல் அது ஏறத்தாழ 5.2 லட்சமாகக் குறைந்தது. கொறங்காடுகளும் சுருங்கி வருகின்றன. எருமை குறைந்தால் வெண்ணெய் குறையும். கொள்ளைக் கேட்பார் இல்லையேல் விதைப்பாரும் இலர். ஓர் உணவை உண்பார் இருக்கும்வரையே அதன் பயிரும் கால்நடையும் அதனைச் சமைக்கத் தெரிந்த கையும் நிலைக்கும். கோயில் மடைப்பள்ளிகளில் பழந்தளிகைகள் பிழைத்திருப்பதன் காரணமும் இதுவே: விற்குமா என்று பாராமல், குறித்த வேளையில் குறித்த பண்டம் நாள்தோறும் சமைக்கப்பெறுகிறது. 

வருவோர்க்கும் இருப்போர்க்கும்

ஆகவே இவ்வட்டாரத்துக்கு வரும் அன்பர்கள் காலம் அறிந்து வருதல் நலம். வைகாசி விசாகத்தையொட்டித் திருப்பூரில் விசுவேசுவர சுவாமிக்கும் வீரராகவப் பெருமாளுக்கும் தேர்த்திருவிழா நிகழும். அது கூழும் மோரும் தேடும் காலம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில், மேலத் திருப்பதி என வழங்கும் மொண்டிபாளையம் வேங்கடேசப் பெருமாளைச் சேவிக்கப் பெருங்கூட்டம் கூடும். விரதத் தளிகையின் காலம் அது. தைப் பொங்கலையொட்டிச் சிற்றூர்களில் பட்டிப் பொங்கல் கொண்டாடுவர். மாட்டையும் பட்டியையும் போற்றும் அந்நாளில் பாலும் நெய்யும் தாமே முன்னிற்கும். மாசி மகத்தில் காரமடை அரங்கநாதர் தேர். எக்காலத்து வரினும் ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கலாம். விடுதியில் உண்ண நேர்ந்தால், ‘அரிசிம்பருப்பு உண்டா, கொள்ளு ரசம் உண்டா’ என்று கேட்க வேண்டும். கேட்பார் பெருகினால் சமைப்பாரும் பெருகுவர்.

ஊரில் இருப்போர்க்கு உள்ள கடமை அதனினும் பெரிது. வந்த வணிகரை விடுதிக்கு அழைத்துச் சென்று உபசரிப்பதோடு அமையாது, ஒரு வேளையேனும் வீட்டுக்கு அழைத்து, இலையிட்டு, இம்மண்ணில் விளைந்ததைப் பரிமாற வேண்டும். பாட்டியின் கைப்பக்குவத்தைப் பேரப்பிள்ளைகள் அருகிருந்து கற்க வேண்டும். பெருமாளுக்குப் படைப்பதற்கு உரியது என்று நாம் மதிக்கும் அரிசியும் பருப்பும் நெய்யும், விருந்தினருக்குப் படைக்கவும் உரியவையே. அவ்வெண்ணம் இல்லந்தோறும் நிலைபெறவும், கறவைகள் பெருகி வெண்ணெய்த் தாழிகள் நிறையவும் எம்பெருமான் திருவருள் துணை நிற்குமாக.