செட் இருக்கு, ஆள் இருக்கு, கதை எங்கே?

"எல்லாம் ரெடியா இருக்கு, ஆரம்பிச்சிடலாம்" என்று மேலாளர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இயக்குநர் ரோஜர் கார்மனின் 'தி டெரர்' (1963) படத்தை முதலில் பாருங்கள். காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தன் 'தி ரேவன்' படத்துக்குப் போட்ட கோட்டை செட்டைப் பிரிப்பதற்குள் இன்னொரு படத்தைத் தேற்றிவிடலாம் என்பது கார்மனின் கணக்கு. நடிகர் போரிஸ் கார்லோஃப் சில நாள்களுக்குக் கிடைத்தார். திரைக்கதை முழுதாகத் தயாராகவில்லை. அதனால் அவரைப் படியில் இறங்கவிட்டு, நடைகூடத்தில் நடக்கவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். இதில் தப்பில்லை. ஆலோசகர் இரண்டு நாள்தான் வருவார் என்றால், அவரால் மட்டுமே ஆகக்கூடிய வேலையைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

கோளாறு அதற்குப் பிறகுதான். மிச்சக் காட்சிகளை பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா, மாண்ட்டி ஹெல்மன், ஜாக் ஹில் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். நாயகன் ஜாக் நிக்கல்சனும் கேமராவுக்குப் பின்னால் போனார். கை மாற மாறக் கதையும் மாறியது. கடற்கரையில் வரும் பெண் ஆவியா, மனுஷியா, யாரோ ஏவிவிட்டவளா? காட்சிக்கு ஒரு பதில். பாதியில் ஒரு வேலை உங்கள் தலையில் விழுந்தால் கோப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எது முடிவாகிவிட்டது, எது இன்னும் இழுபறி என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நீங்களே எழுதி, "சரிதானே?" என்று மின்னஞ்சல் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தபோது படம் யாருக்கும் புரியவில்லை. கார்மன் நிக்கல்சனையும் டிக் மில்லரையும் திரும்ப அழைத்து ஒரு விளக்கக் காட்சி எடுத்தார். நிக்கல்சன் பிடித்து உலுக்க, வேலைக்காரராக வரும் மில்லர் கொட்டிவிடுகிறார்: கோட்டையில் பிரபுவாக இருப்பவர் (கார்லோஃப்) பிரபுவே இல்லை, பிரபுவைக் கொன்ற எரிக்! (ரகசியத்தை உடைத்ததற்கு மன்னிக்கவும், தெரிந்துகொண்டு பார்த்தாலும் குழப்பம் தீராது.) சிரிப்பு வருகிறது, ஆனால் படம் ஒருவழியாக நிற்கிறது. கெடு நெருங்கும்போது அறிக்கை குழம்பிக் கிடந்தால் இதையே செய்யுங்கள். இன்னும் பத்து ஸ்லைடு சேர்ப்பதைவிட, நடந்தது என்ன என்று முன்னால் ஒரு பக்கம் வைப்பது மேல்.

இப்படிப்பட்ட வேலையை ஏற்கலாமா? புதியவர் என்றால் தாராளமாக. அப்போது புதியவரான கொப்போலா அதே 1963-இல் கார்மனுக்காக 'டிமென்ஷியா 13' படத்தையே இயக்கினார். அனுபவஸ்தர் என்றால், பொறுப்பாளர் யார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மிச்சத்தையும் தூக்கி எறியாதீர்கள். கார்லோஃப் கார்மனுக்கு இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அந்த நாள்களையும் 'தி டெரர்' துண்டுகளையும் கார்மன் இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சிடம் கொடுத்தார். 1968-இல் 'டார்கெட்ஸ்' வந்தது. மூலப் படத்தைவிட அது எவ்வளவோ மேல்.