மலைவாயிலும் வாணிகமும்

தென்பாண்டி நாட்டின் மேற்கெல்லையில் திரிகூடமலை ஓங்கி நிற்கிறது. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் நீரை முகந்து எழுந்து, மலையின் மேற்குச் சரிவில் பெருமழையைப் பொழியும். எஞ்சிய ஈரத்தோடு ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே நுழையும். குற்றாலத்தில் சாரல் தூறுவதும் தென்காசியில் குளிர்காற்று உலவுவதும் அக்காற்றின் கொடையே. அருவிநீர் சிற்றாறாகி, பல குளங்களை நிரப்பி, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியிற் கலக்கிறது.

காற்று வந்த வழியே வாணிகமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கும்பினியார் குற்றாலத்தில் கிராம்பும் சாதிக்காயும் பயிரிட்டனர். அவற்றின் தாயகமோ கீழ்கடலிலுள்ள மொலுக்கத் தீவுகள்! 1904ஆம் ஆண்டில் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து இருப்புப்பாதை அமைந்தது. அந்நாளில் திருவிதாங்கூருக்கு உரியதாயிருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மலைமேல் ஏறிற்று. காற்றும் நீரும் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று அவ்வழியே மேற்கே செல்லும் சரக்குகளுள் கல்லும் ஒன்று. வளைகுடா நாடுகளில் ஈட்டிய பொருளால் கேரளத்தில் மாளிகைகள் பெருகின, சாலைகள் விரிந்தன. 2015ஆம் ஆண்டின் இறுதியில் விழிஞ்சத்தில் பன்னாட்டுத் துறைமுகப் பணி தொடங்கியது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் அலைதடுப்புச் சுவருக்கு நெல்லை, குமரிச் சீமைகளின் பாறைகளும் சென்றன. 2024 சூலையில் பெருங்கப்பல் ஒன்று முதன்முதலாக அங்கே சரக்கோடு வந்தது. தென்காசிப் பகுதிக் கல்லும் எம்-சாண்டும் புளியறைச் சாவடியைக் கடந்து நாள்தோறும் லாரிகளிற் செல்கின்றன.

கல் உடைபடுமிடத்தில் நிகழ்வது யாது? நுண்டுகள் பயிரின் இலைகளிற் படிந்து, அவை மூச்சுவிடும் துளைகளை அடைக்கிறது, ஒளியையும் மறைக்கிறது. நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே குழி இறங்குமாயின், சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்று அதனை நோக்கித் திரும்பும். குழியில் வேலை நடக்கவேண்டி அந்நீரை இறைத்து வெளியேற்றுவர். கல்லை விற்றவர்க்கு விலை கிடைத்தது. வாங்கியவர்க்கு வீடு கிடைத்தது. கிணறு வற்றிய உழவனோ அவ்வாணிகத்தில் விற்றவனும் அல்லன், வாங்கியவனும் அல்லன்.

மேற்கிலிருந்து வேண்டாத சரக்கும் வருவதுண்டு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் நெல்லையை அடுத்த கோடகநல்லூர் முதலிய ஊர்களிற் கொட்டப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின், கேரள அரசே ஊர்திகளை அனுப்பி அவற்றை அள்ளிச் சென்றது. கழிவைத் திருப்பி அனுப்பலாம். உடைத்த குன்றைத் திரும்பப் பெறுதல் இயலுமோ?

மலைவாயிலை அடைத்துவிடுதலே தக்கது என்பாரும் உளர். அது பொருந்தாது. புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்ச்சத்திரத்துக் காய்கறியும் கேரளச் சந்தையை நம்பியே விளைகின்றன. குவாரிக்கு இசைவு தருமுன் சுற்றுப்புறக் கிணறுகளை அளந்து குறித்தல், குழியைச் செப்பனிடும் செலவைக் கல்லின் விலையிலேயே சேர்த்தல், கழிவு ஏற்றிய வண்டி எல்லையைக் கடக்குமுன் இரு மாநிலத்தாரும் கூடிச் சோதித்தல் ஆகியவையே செய்யத்தக்கன. இவற்றுள் முதலாவது, ஆனிச்சாரல் தொடங்குமுன், கிணறுகளில் நீர் தாழ்ந்திருக்கும் கோடையிலேயே நடைபெற வேண்டும்.