கொண்டை ஊசியில் கத்திய ப்ளோயர்

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஹீட்டர் சொகுசு இல்லை. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது மழையும் மேகமும் சேர்ந்துகொண்டால், முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துவிடும். ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாது. ப்ளோயர் காற்றுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். என் பழைய சான்ட்ரோவில் அந்த ப்ளோயர் ஒரு மழைக்காலம் முழுக்கக் கத்தித் தீர்த்தது.

சத்தத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “மோட்டார் போச்சுங்க, மாத்திருங்க.” மாற்றுவது அரைநாள் வேலைகூட இல்லை. உண்மையில் போனது மோட்டார்தானா என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குக் காது போதும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ப்ளோயரை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிட்டுக் கேளுங்கள். டக் டக்கென்ற தட்டல், வேகம் கூடக் கூட நெருக்கமாக வந்தால், விசிறியில் ஏதோ இடிக்கிறது. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் சில்வர் ஓக் சருகு. வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே போய்விடும். இந்த வயது வண்டிகள் பலவற்றில் தடுப்பதற்கு கேபின் ஃபில்டரும் கிடையாது. எலி கூடு கட்டியிருந்தாலும் இதே சத்தம்தான், நாற்றம் உபரி. டேஷ்போர்டே அதிர்கிறதா? இறக்கைகளில் புழுதி ஒருபக்கமாக அப்பியிருக்கும், அல்லது ஓர் இறக்கை ஒடிந்திருக்கும். புழுதிக்கும் சருகுக்கும் மோட்டார் வாங்குவது வீண்செலவு. கழற்றித் துடைத்தால் போதும்.

காலைக் குளிரில் கீச்சிட்டு, கொஞ்சம் ஓடியதும் அடங்கினால் மோட்டார் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் வறண்டுவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டால் சில காலம் ஓடும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். புஷ்ஷில் ஊறியிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

என் வண்டியின் சத்தம் இவற்றில் சேரவில்லை. நேர்ச்சாலையில் வெறும் முனகல். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில் மட்டும் கரகரவென்று உரசல், வளைவு முடிந்ததும் நின்றுவிடும். வளைவில் வண்டியோடு விசிறியும் ஒருபக்கம் தள்ளப்படுகிறது என்றால், புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆட்டம் கண்டுவிட்டது என்று அர்த்தம். இதற்கு எண்ணெய் மருந்தாகாது. பிறகு கழற்றிப் பார்த்தபோது, விசிறிக் கூட்டின் உள்சுவரில் நகத்தால் கீறியதுபோல ஒரு வெள்ளைக் கோடு வளைந்து ஓடியிருந்தது.

கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். இடப்பக்க சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலை டேஷ்போர்டுக்கு அடியிலும் கால் கதவுக்கு வெளியிலுமாகப் படுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வது நல்லது. குளோவ் பாக்ஸை எடுத்தால் மோட்டார் தெரியும். கனெக்டரின் பூட்டு பல வருட வெயிலில் முறுகிப்போயிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், நாக்கை அழுத்தி விடுவியுங்கள். ஸ்க்ரூக்களில் எஞ்சின் பக்கம் இருப்பதுதான் படுத்தும். அதற்கு நுனியில் காந்தமுள்ள குட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ கார்பெட்டுக்குள் போய்விடும். மோட்டாரைக் குளிரவைக்கும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் பத்திரப்படுத்தி, திரும்பவும் மாட்டுங்கள். எலிப்புழுக்கை தெரிந்தால் காற்றடித்து ஊத வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் எடுங்கள்.

மோட்டாரை மட்டும் வாங்கிப் பழைய விசிறியை அதில் ஏற்றலாம் என்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். முறுகிய பிளாஸ்டிக் இழுக்கும்போதே விரிசல் விடும், உயரம் கொஞ்சம் மாறினாலும் அடியில் உரசும். விசிறியோடு சேர்த்தே வாங்குங்கள். இறக்கையில் குத்தியிருக்கும் குட்டித் தகடுகளைக் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள், அவை எடைச் சமனுக்காக வைத்தவை.

சென்னை போனபோது புதுப்பேட்டையில் பழைய மோட்டார் ஒன்று பார்த்தேன். கடைக்காரர் கேட்காமலே பேட்டரியில் ஒயரைத் தொட்டு ஓடவிட்டார். “பாருண்ணே, சத்தமே இல்ல.” ஓடியதைவிட, ஒயரை எடுத்தபிறகு அது நின்ற விதத்தைத்தான் நான் பார்த்தேன். நல்ல மோட்டார் சுற்றிச் சுற்றி மெதுவாக ஓயும், அது சட்டென்று நின்றுவிட்டது. கோவையில் புதிதாகவே வாங்கினேன்.

பழையதோ புதியதோ, சுற்றும் திசையைச் சரிபாருங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் பலவீனமாக. புது மோட்டாரே சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் பலருக்கு இதுதான் காரணம். ஸ்க்ரூ முடுக்கும் முன்பே கனெக்டரைச் சொருகி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கை உள்ளே இருக்கும்போதே, ப்ளோயர் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரையும் பார்த்துவிட வேண்டும். தேய்ந்த மோட்டார் இறுகிச் சுற்றும்போது அதிக கரெண்ட் இழுக்கும், அந்தச் சூடு ரெசிஸ்டரையும் அதன் கனெக்டரையும் தின்னும். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்தால் குற்றவாளி ரெசிஸ்டர்தான். என் வண்டியில் கனெக்டரின் ஒரு மூலை பழுப்பேறியிருந்ததால் அதையும் மாற்றினேன்.

சருகு புகாமலிருக்க வைப்பருக்குக் கீழே கம்பிவலை ஒட்டியிருக்கிறேன். கொசுவலை அளவுக்குப் பொடிக்கண் வேண்டாம். அதில் சருகும் சேறும் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வடியாமல் உள்ளே கார்பெட்டில் இறங்கும்.