காணொளிக் கூட்டத்தில் திரைப்பகிர்வு: தடைகளும் தீர்வுகளும்

முன்னுரை

ஆசிரியரும் மாணவரும் ஒரே பொருளின்மீது ஒரே நேரத்தில் கண்ணை நிறுத்தும்பொழுதுதான் பாடம் நிகழ்கிறது. கரும்பலகை அதற்காகவே எழுந்தது. ஏட்டுச்சுவடியை நடுவில் வைத்துச் சுற்றியமர்ந்து படித்த பழைய திண்ணைப் பள்ளியும் அதற்காகவே இருந்தது. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபொழுது, கரும்பலகையின் இடத்தைக் கணினித் திரை ஏற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளையும் காணொளி வழியே நடத்த இசைவளித்தது. தொற்று நீங்கிய பின்னரும் இவ்வழக்கம் நீங்கவில்லை. ஆகவே, திரையைப் பகிரும் கலையும் அதில் நேரும் தடைகளை நீக்கும் முறையும் தமிழ் பயில்வோர் அறிய வேண்டிய பாடங்களாகிவிட்டன. அவற்றை ஒரு நிகழ்வின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செஞ்சியில் நிகழ்ந்த ஒன்று

யாம் தலைமையேற்ற ஓர் இணையவழிக் கருத்தரங்கில், செஞ்சியைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருவர் தேசிங்கு ராஜன் கதைப்பாடல் குறித்துக் கட்டுரை படித்தார். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மடிந்த தேஜ்சிங் என்ற இளைஞனே மக்கள் நாவில் தேசிங்கு ராஜனானான். தன் மணவிழாவையும் விடுத்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த மோவுத்துக்கானை அக்கதைப்பாடல் நெஞ்சுருகப் பேசுகிறது. இருவேறு சமயத்தார் நட்பைப் பாடும் அப்பகுதியே மாணவியின் ஆய்வுப் பொருள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும், கல்யாண மகாலையும், வேங்கடரமணர் கோயிலையும், சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் வெயிலில் அலைந்து அவரே படம்பிடித்து வைத்திருந்தார்.

தொடக்கத்தில், "ஐயா, திரை தெரிகிறதா?" என்று வினவினார். "தெரிகிறதம்மா, தொடங்குங்கள்" என்றோம். பதினைந்து மணித்துளிகள் அவர் படங்களைச் சுட்டிச் சுட்டிப் பேசினார். எம் திரையிலோ தலைப்புப் பக்கம் ஒன்றே அசையாது நின்றது. இடைமறித்துச் சொல்ல எவரும் துணியவில்லை, யாமும் துணியவில்லை. முடிவில் மதிப்பீட்டாளர் ஒருவர், "களப்பணிச் சான்றுகள் காட்டப்படவில்லை" என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தார். மாணவி விம்மலை அடக்கிக்கொண்டு, "எல்லாப் படமும் காட்டினேனே, ஐயா" என்றார். அவர் கூற்று பொய்யன்று. நாங்கள் கண்டதும் பொய்யன்று. இரண்டிற்கும் இடையே இருந்த பிழை எது என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

திரைப்பகிர்வின் தோற்றம்

திரைப்பகிர்வு நேற்று முளைத்ததன்று. 1968 திசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிசுகோ நகரில், டக்ளசு எங்கல்பார்ட் என்ற அமெரிக்க அறிஞர் அறிஞர் அவையொன்றில் தம் கணினி முறையை இயக்கிக் காட்டினார். மென்லோ பார்க் என்னும் வேறோர் ஊரில் இருந்த உடன்பணியாளரும் அவரும் ஒரே எழுத்தாவணத்தைத் தத்தம் திரையில் ஒருங்கே கண்டு, முகம் பார்த்துப் பேசியும் காட்டினர். சுட்டெலியைப் பொது அவை கண்டதும் அன்றுதான். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் சூம், கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்சு முதலிய செயலிகள் வழியே அதே வசதி நம் மாணவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

இயங்கும் முறை

திரையைப் பகிரும்பொழுது நம் கோப்பு எதிர்ப்புறம் செல்வதில்லை. கோப்பின் தோற்றம் மட்டுமே படமாகச் செல்கிறது. இந்த வேறுபாட்டைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். எழுத்துருக் குழப்பம் மிகுந்திருந்த நாள்களில் ஒருவர் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்பை மற்றொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாகக் குறியேற்றத் தரப்பாடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய கோப்புகள் இன்னும் பலரிடம் உள்ளன. அவற்றைத் திரைப்பகிர்வில் காட்டினால் எதிரிலிருப்பவர் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் எழுத்துச் சிதையாது. ஏனெனில் செல்வது படமே.

படமாகச் செல்வதில் இடரும் உண்டு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் ஒரு முழுத் தோற்றம் 62 இலட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 30 தோற்றம் எனில் ஏறத்தாழ 18.7 கோடி பைட்டாகும். பெரும்பாலான இல்லத்து இணைப்புகள் இதைத் தாங்கா. எனவே செயலி தோற்றத்தைச் சுருக்கி, முன்னதிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பப் பார்க்கிறது. அசையாத எழுத்துப் பக்கம் எளிதாகச் செல்வதும், ஓடும் நிகழ்படம் தட்டித் தடுமாறுவதும் இதனால்தான்.

ஐந்து வாயில்கள்

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கி 1698இல்தான் அதைக் கைப்பற்ற முடிந்தது. அடுத்தடுத்த மதிலும் வாயிலுமாக அமைந்த அக்கோட்டையில் ஒன்றைக் கடந்தால் மற்றொன்று நிற்கும். இராசகிரியின் உச்சியை அடையும் முன்னும் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடும். பாலமின்றி அதைக் கடத்தல் அரிது. திரைப்பகிர்வும் இத்தகையதே. பகிர்பவர் திரையிலிருந்து காண்பவர் கண்வரை ஐந்து வாயில்கள் உள்ளன. எந்த வாயில் அடைத்திருக்கிறது என்றறிவதே தீர்வின் பாதி.

1. தெரிவு என்னும் வாயில்

பகிரத் தொடங்கும்பொழுது முழுத்திரையா, ஒரு சாளரமா, உலாவியின் ஒரு தாவலா என்று செயலி கேட்கும். மாணவிக்கு நேர்ந்த இடர் இங்கேதான். அவர் பவர்பாயிண்ட் சாளரத்தை மட்டும் தெரிந்தெடுத்துப் பகிர்ந்தார். பின்னர்க் காட்சியைத் தொடங்கியதும் அது வேறொரு சாளரமாக விரிந்தது. அவர் கண்டது புதிய சாளரம். நாங்கள் கண்டது பழைய சாளரம். இதனைத் தவிர்க்க வழி மூன்று. முதலாவது, முழுத்திரையையும் பகிர்தல். இரண்டாவது, காட்சியை முதலில் தொடங்கிவிட்டு அக்காட்சிச் சாளரத்தைத் தெரிந்தெடுத்தல். மூன்றாவது, காட்சி அமைப்பில் தனியொருவர் சாளரத்திலேயே காணும் முறையைத் தெரிந்து வைத்தல்.

முழுத்திரையைப் பகிர்வோர் வாட்சாப் செய்தியும் வீட்டுச் செய்தியும் அவை முன் தோன்றாதிருக்க அறிவிப்புகளை முன்னரே நிறுத்த வேண்டும். கூட்டச் சாளரத்தையே பகிர்ந்தால் எதிரெதிர்க் கண்ணாடி போலத் திரைக்குள் திரை தோன்றும். அது பழுதன்று, வேறு சாளரத்துக்கு மாறினால் மறையும்.

2. இசைவு என்னும் வாயில்

கருவியின் இயங்குதளம் இசைந்தாலன்றிச் செயலி திரையைப் படிக்க இயலாது. ஆப்பிள் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், தனியுரிமை அமைப்பில் திரைப்பதிவு என்னும் பகுதிக்குச் சென்று செயலிக்கு இசைவளிக்க வேண்டும். அளித்த பின் செயலியை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். இதனை அறியாதார் வெற்றுப் பின்னணியை மட்டும் காட்டி வருந்துவர். ஆண்டிராய்டு கைப்பேசியில் பகிரத் தொடங்கும்பொழுது இசைவு கேட்கும் சிறு பெட்டி தோன்றும்; அவசரத்தில் அதை மறுத்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசியின் உலாவி வழியாகச் சேர்ந்தவர்க்குப் பகிரும் பொத்தானே பெரும்பாலும் இராது. அவர் செயலியை நிறுவியே சேர வேண்டும்.

3. தலைமை என்னும் வாயில்

கருவி இசைந்தும் கூட்டத் தலைவர் இசையாதிருக்கலாம். 2020இல் அழையா விருந்தினர் புகுந்து வகுப்புகளைக் குலைத்தமையால், அவ்வாண்டு மார்ச்சில் சூம் நிறுவனம் கல்விக் கணக்குகளில் தலைவர் மட்டுமே பகிரலாம் என்பதை இயல்பு நிலையாக்கியது. ஆகவே பகிர முடியவில்லை என்று மாணவர் கூறினால் அவர் கணினியைக் குறைகூறும் முன், தலைவர் தம் பாதுகாப்பு அமைப்பைப் பார்த்தல் கடன். ஒருவர் பகிர்ந்துகொண்டிருக்க மற்றவர் பகிர இயலாதவாறும் அமைப்பு இருக்கலாம். முன்னவர் நிறுத்திய பின்னரே பின்னவர்க்கு வழி பிறக்கும்.

4. கருந்திரை என்னும் வாயில்

பகிர்வு நடக்கிறது, ஆனால் காண்போர்க்குக் கறுப்பே தெரிகிறது என்றால் காரணங்கள் சில. சில மடிக்கணினிகளில் இரு வரைகலைச் செயலிகள் இருக்கும். உலாவி ஒன்றிலும் கூட்டச் செயலி மற்றொன்றிலும் இயங்கினால் தோற்றம் கைம்மாறாது. விண்டோசு அமைப்பில் திரை, வரைகலை எனச் சென்று இரண்டையும் ஒன்றிலேயே இயங்கச் செய்யலாம். உலாவியின் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தியும் பார்க்கலாம். பகிரும் சாளரத்தைக் கீழே சுருக்கி வைத்தாலும் தோற்றம் நின்றுவிடும். கட்டணத் திரைப்படத் தளங்கள் உரிமைக் காப்புக்காகத் தம் படத்தை வேண்டுமென்றே மறைக்கும். அதைப் பழுதென்று திருத்த முயல்வது வீண்.

5. இணைப்பு என்னும் வாயில்

பகிர்பவர்க்குத் தேவை ஏற்ற விரைவு. காண்பவர்க்குத் தேவை இறக்க விரைவு. நம் இணைப்புகள் பலவற்றில் ஏற்றம் இறக்கத்தினும் குறைவு. எனவே திரைப்படத்தைத் தடையின்றிக் காண்பவரும் தம் திரையைப் பகிரத் தடுமாறுவர். குன்றின் மறைவில் உள்ள வீட்டில் கைப்பேசி அலை மேலும் நலியும். செஞ்சி போன்ற கற்குன்று சூழ்ந்த ஊரார் இருக்கும் இடத்தை மாற்றியும் பார்க்கலாம். தம் முகப்படத்தை நிறுத்துதல், பிற தாவல்களை மூடுதல், அசையும் அலங்காரங்களைப் பக்கங்களிலிருந்து நீக்குதல் ஆகியவை பயன்தரும். நிகழ்படம் காட்டுவோர் நிகழ்படத்திற்கேற்ற அமைப்பைத் தெரிதல் வேண்டும். எழுத்துப் பக்கத்திற்கு வருமுன் அதை நீக்காவிடில் எழுத்து மங்கும். ஒலியையும் பகிரும் குறியை இடாவிடில் நாட்டுப்புறப் பாடகர் வாயசைப்பார், பாட்டுக் கேளாது. கூகுள் மீட்டில் உலாவித் தாவலாகப் பகிர்ந்தால் அத்தாவலின் ஒலியும் உடன் செல்லும்.

பழுதைக் கண்டறியும் நெறி

தடை நேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, ஒருவர்க்குத் தெரியவில்லையா, ஒருவர்க்குமே தெரியவில்லையா என்பது. ஒருவர்க்கு மட்டுமெனில் குறை அவர்பால். அவர் வெளியேறி மீண்டும் நுழையலாம். அனைவர்க்குமெனில் குறை பகிர்பவர்பால். மேற்கூறிய வாயில்களை வரிசையாக ஆராய வேண்டும்.

இதனினும் சிறந்தது முன்காப்பு. பகிர்பவர் தம் கைப்பேசியையும் இரண்டாம் பார்வையாளராக அக்கூட்டத்தில் சேர்த்து, அதன் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் அடைத்து, அருகில் வைத்துக்கொள்ளலாம். அவை எதைக் காண்கிறதோ அதை அவரும் காண்பார். முந்தைய நாளே ஒரு நண்பரோடு ஒத்திகை பார்ப்பதும், பக்கங்களைப் பிடிஎஃப் கோப்பாக்கித் தலைவரிடம் முன்னரே அளிப்பதும் நலம். காண்பவருள் பலர் கைப்பேசித் திரையையே நம்பியிருப்பதால் எழுத்துகள் பெரியனவாக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது வினாவைத் திருத்திக்கொள்ளல். "தெரிகிறதா?" என்ற வினாவுக்கு எதுவோ ஒன்று தெரிந்தாலும் "தெரிகிறது" என்பதே விடை. "என்ன தெரிகிறது?" என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். மூன்று பக்கங்களுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு கேட்டல் வேண்டும். அவையோரும் வாளாவிருத்தல் மரியாதை என்று எண்ணலாகாது. "அம்மா, முதற்பக்கமே நிற்கிறது" என்ற ஒரு சொல் அன்று ஒருவர் வாயிலிருந்து எழுந்திருந்தால் அம்மாணவியின் உழைப்பு மறைந்திராது.

முடிவுரை

மறுவாரம் அம்மாணவியை மீண்டும் படிக்கச் செய்தோம். இம்முறை காட்சியை முதலில் தொடங்கிவிட்டு அவர் திரையைப் பகிர்ந்தார். "ஐயா, இப்பொழுது என்ன தெரிகிறது?" என்றார். "பள்ளிவாசலும் அதன் பின்னே இராசகிரியும் தெரிகின்றனவம்மா" என்றோம். மதிப்பீட்டாளர் தம் குறிப்பை மாற்றி மதிப்பெண்ணைத் திருத்தினார்.

2025 சூலையில் மராத்தியர் படை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாயிற்று. மகாராட்டிரத்திற்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அதுவே. இனி அதைப் பற்றி உலகெங்கும் உள்ளோர்க்குத் திரை வழியே எடுத்துரைக்கும் வாய்ப்பு அவ்வூர் மாணவர்க்கு மிகுதியாகும். கருவியின் குறையைக் கற்பவரின் குறையாக எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதும் முன் ஐந்து வாயில்களையும் ஒருமுறை தட்டிப் பார்த்தல், மதிப்பிடும் இடத்தில் அமர்ந்திருக்கும் நம் கடமையாகும்.