உலகத்தை மாற்றிய இரும்புப் பெட்டி

உலக வரலாற்றை மாற்றியவர்கள் யார்னு கேட்டா, செஜாரா புத்தகம் படித்த நமக்கு மன்னர்களும் தலைவர்களும் போர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். தொழில்நுட்பம்னு கேட்டா நீராவி எஞ்சின், அணுகுண்டு, கணினி, இணையம் என்று அடுக்குவோம். அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றை இந்த மாதம் படிப்போம். கெசாஸ் நெடுஞ்சாலையில் லோரி மேல் தினமும் போய்க்கொண்டிருப்பதுதான் அது: கொள்கலன். கண்டெய்னர்னு சொன்னா உடனே புரியும்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். கொள்கலனில் எஞ்சினும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெறும் இரும்புப் பெட்டி. அது எப்படி உலகத்தை மாற்றியது?

பெட்டிக்கு முன்னால்

1954-இல் வாரியர் என்ற கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரெமர்ஹாவனுக்குப் போனது. அதில் ஏறிய சரக்கை ஒரு ஆய்வுக்காக எண்ணினார்கள். மூட்டை, பீப்பாய், பெட்டி, வாகனம் என்று மொத்தம் 194,582 உருப்படிகள். அத்தனையும் ஆட்கள் ஏற்றி அடுக்க வேண்டியவை. கடலில் போனது பத்தரை நாள். சரக்கு ஏற்ற மட்டும் 6 நாள்.

அந்தக் காலத்தில் எல்லாத் துறைமுகத்திலும் இதே கதைதான். சிங்கப்பூரிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மூட்டை தூக்கியவர்களில் நம்மவர்கள் நிறைய பேர். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அவருடைய வலது தோளில் இருந்த காய்ப்பு சாகும்வரை மறையவில்லை.

மால்கம் மெக்லீன்

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்தவர் மால்கம் மெக்லீன். கப்பல்காரர் இல்லை, லோரிக்காரர். பழைய லோரி ஒன்றில் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனத்துக்கு முதலாளியானவர். அவர் கேட்டது எளிமையான கேள்வி: லோரியில் உள்ள சரக்கை ஒவ்வொன்றாக இறக்கி ஏன் கப்பலில் ஏற்றணும்? லோரியின் பெட்டியையே அப்படியே தூக்கி வைத்தால் என்ன?

1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கையால் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் செலவான காலம் அது. இந்தக் கப்பலில் ஆன செலவு டன்னுக்கு ஏறக்குறைய 16 சென்ட்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் சரக்கு அனுப்புவது அதற்கு முன்பும் இருந்தது. மெக்லீன் செய்தது, பெட்டி, கிரேன், கப்பல், லோரி எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக யோசித்தது.

நாலு மூலையில்தான் விஷயம்

ஒரு பெட்டியின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால், கடல் ஆட்டத்தில் சரியாதா? இதற்கு விடை கண்டவர் மெக்லீனிடம் வேலை செய்த பொறியாளர் கீத் டாண்ட்லிங்கர். பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள இரும்பு வார்ப்பு. இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு பூட்டு. அதைத் திருகினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிரேனும் அதே துளைகளில்தான் பிடிக்கும்.

ஆனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அளவில் பெட்டி செய்தது. மெக்லீனுடையது 35 அடி, மேட்சன் நிறுவனத்துடையது 24 அடி. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் பொருந்தாது. மெக்லீனின் நிறுவனம் மூலைப் பூட்டின் காப்புரிமையை 1963-இல் யாரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. பிறகு 20 அடி, 40 அடி என்ற பொது அளவுகள் உலகமெங்கும் நிலைத்தன. கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்திருந்தால் அது ஒரு கம்பெனியின் சொத்தாகவே நின்றிருக்கும்.

நாடுகள் ஏறியதும் இறங்கியதும்

வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவச் சரக்கை மெக்லீனின் கப்பல்கள் கொண்டுபோயின. காலியாகத் திரும்புவானேன் என்று ஜப்பானில் நின்று சரக்கு ஏற்றின. ஆசியப் பொருள்கள் அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் பாதை இப்படி அகலமானது.

லண்டனின் பழைய கப்பல் துறைகள் 1967-லிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981-க்குள் முடிந்தே போயின. அதே சமயம், 1965-இல் தனி நாடான சிங்கப்பூர் உலக வங்கியிடம் கடன் வாங்கி தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் கட்டியது. 1972 ஜூன் 23-ஆம் தேதி நிஹோன் என்ற கப்பல் 300 கொள்கலன்களோடு அங்கே வந்து நின்றது. அதே ஆண்டில் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய நம் துறைமுகம், 1973-இல் கொள்கலன்களைக் கையாளத் தொடங்கியது.

மூட்டை தூக்கியவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பல துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை போனது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்கள் வரட்டும், தடுக்க மாட்டோம். ஆனால் மிச்சமாகும் பணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும். முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதியில் போட ஒப்புக்கொண்டார்கள். பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு வேலை உறுதியும், முன்கூட்டியே ஓய்வு பெறுவோருக்குப் பணமும் கிடைத்தன.

ஆக, இயந்திரம் வருவது ஒரு விஷயம். அதன் பலன் யாருக்குப் போகிறது என்பது இன்னொரு விஷயம். இரண்டாவதை முடிவு செய்வது இயந்திரம் இல்லை, மனிதர்கள்.

மெக்லீனே இதற்கு இன்னொரு பாடம். எண்ணெய் விலை ஏறும் என்று நம்பி, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் மெதுவான ராட்சதக் கப்பல்களை வாங்கினார். விலை இறங்கியது. 1986-இல் அவர் நிறுவனம் திவாலானது. உலகத்தை மாற்றியவருக்கும் அடுத்த மாற்றம் பிடிபடவில்லை.

இன்று சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. அடுத்து லோரி ஓட்டும் அண்ணன், கிடங்கில் கணக்குப் பார்க்கும் அக்கா, வரைபடம் போடும் என்னைப் போன்றவன் என்று வரிசை நீளும். நம்மில் சிலர் அந்த இயந்திரங்களைச் செய்யப்போகிறோம். சிலர் அவற்றால் வேலை மாறப்போகிறோம். இரண்டு பக்கமும் நம் வீட்டு ஆட்களே இருப்பார்கள்.

வகுப்பில் பேச மூன்று கேள்விகள்:

1. மெக்லீன், டாண்ட்லிங்கர், பிரிட்ஜஸ் மூவரில் யாருடைய பங்கு பெரியது? ஏன்?

2. காப்புரிமையை விட்டுக்கொடுத்தது தியாகமா, புத்திசாலித்தனமா?

3. உங்கள் குடும்பத்தில் இயந்திரத்தால் வேலை மாறியவர் யார்? இந்த வாரம் அவரிடமே கேட்டு, அவர் சொன்னதை எழுதி வாருங்கள்.